அடி படாத பிள்ளைகளுக்கும் காது உண்டு

கேள்வி:

மேடம், வணக்கம். கணவரைப் பிரிந்து வந்து பதினான்கு மாதம் ஆகிறது. பெண்ணுக்குப் பதினேழு வயது, பையனுக்குப் பதின்மூன்று. இருவரும் என்னோடு இருக்கிறார்கள். நீதிமன்ற ஏற்பாட்டின்படி பையன் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி, ஞாயிறு அப்பாவிடம் போய் வருகிறான். பெண் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் வயதைப் பார்த்து யாரும் வற்புறுத்தவில்லை.

போன வாரம் ஒரு தோழி சொன்னாள் என்று ‘கஸ்டடி’ என்ற பிரெஞ்சுப் படத்தை மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம். பிரிந்துபோன பெற்றோர் பற்றிய குடும்பப் படம் என்று நினைத்துத்தான் போட்டேன். கடைசிப் பகுதியில் எனக்கே மூச்சு முட்டியது. முடிந்ததும் பையன் ஒரு வார்த்தை பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டான். விளக்கை மட்டும் அணைக்க விடவில்லை. பெண், “படம் ரொம்ப ஓவர்மா, நம்ம வீட்ல இப்படியா நடந்தது?” என்று சிரித்தாள். எழுந்துபோய்க் கிடந்த பாத்திரத்தையெல்லாம் கழுவி வைத்துவிட்டுப் படுத்தாள். அவள் எப்போதுமே பொறுப்பான பெண். அவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

மறுநாள் காலை பையன் கேட்டான்: “அம்மா, அப்பாகிட்ட பொய் சொன்னா தப்பா?” எனக்குத் திக்கென்றது. “பொய் சொல்றது எப்பவுமே தப்புதான்” என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அப்பா வீட்டிலிருந்து வந்ததும் வழக்கமாக எல்லாம் கேட்பேன், சொல்லுவான். இப்போது அதற்கும் “ஒண்ணுமில்ல” என்கிறான்.

மறைக்காமல் சொல்கிறேன். என் கணவர் என்னை அடித்திருக்கிறார். பிள்ளைகள் மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. என்னை அடிப்பதுகூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான், பிள்ளைகள் தூங்கிய பிறகுதான். அப்படியிருக்க, படத்தில் வருவதுபோல் இவர்களுக்கும் பாதிப்பு இருக்குமா, அல்லது சினிமாவுக்காகக் கூட்டிச் சொல்கிறார்களா? படத்தைக் காட்டியது தப்பா? பையனை இனியும் அப்பாவிடம் அனுப்பலாமா? என் பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்களைப் போலவே நானும் பையனைப் பற்றித்தான் யோசித்தேன். இரண்டாம் முறை படித்தபோது பாத்திரம் கழுவிய வரியில் நின்றுவிட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் படம். இதே பெயரில் 2023-இல் வெங்கட் பிரபு இயக்கிய படம் ஒன்றும் இருப்பதால் மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் பார்த்தது சேவியர் லெக்ரான் எழுதி இயக்கிய முதல் முழுநீளப் படம். 2017-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம் வாங்கியது. 2019-இல் பிரான்சின் சேசார் விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது. முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது, இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும். ‘ஜூஸ்கா லா கார்ட்’ என்ற பிரெஞ்சுத் தலைப்பில் இருக்கும் ‘கார்ட்’ என்ற சொல்லுக்குப் பிள்ளையின் பொறுப்பு என்றும் பொருள், வாளில் கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் காப்பு என்றும் பொருள். பிடி வரைக்கும் கத்தி இறங்குவதையும் பிரெஞ்சுக்காரர்கள் இதே சொற்களால்தான் சொல்வார்கள். தலைப்பிலேயே இயக்குநர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

காட்டியது தப்பா என்று கேட்கிறீர்கள். அந்தக் கடைசிப் பகுதி பதின்மூன்று வயதுப் பையனுக்கு ராத்திரி நேரத்தில் காட்ட வேண்டியதல்ல. இனி இப்படிப்பட்ட படத்தை முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். அதற்குமேல் இதில் உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பயத்தை அந்தப் படம் அவனுக்குள் கொண்டுவந்து வைக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பயத்துக்கு ஒரு உருவம் கிடைத்திருக்கிறது. மறுநாளே வந்து உங்களிடம் ஒரு கேள்வி கேட்டான் பாருங்கள், பதினான்கு மாதத்தில் அவன் கேட்ட முதல் உண்மையான கேள்வி அதுவாகக்கூட இருக்கலாம். விளக்கு எரியட்டும். எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் எரியட்டும்.

அந்தப் படம் எப்படித் தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா? நீதிபதியின் அறை. கணவன், மனைவி, ஆளுக்கொரு வழக்கறிஞர். பதினொரு வயது ஜூலியன் சொன்னதை எழுதிய தாளை நீதிபதி வாசிக்கிறார். அப்பாவைப் பார்க்க விருப்பமில்லை என்று சொல்லியிருக்கிறான், ‘அப்பா’ என்ற சொல்லையே தவிர்த்திருக்கிறான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், அம்மா சொல்லிக்கொடுத்துப் பேசுகிறான் என்கிறார். இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் தெரிகிறது. அப்பாவாக வரும் தெனி மெனோஷே தலையைக் குனிந்து, பாவப்பட்ட மனிதராக உட்கார்ந்திருக்கிறார். அம்மாவாக வரும் லியா த்ரூக்கேர் இறுகிப்போன முகத்தோடு, கொஞ்சம் அகம்பாவம் பிடித்தவர் போலத் தெரிகிறார். அந்த அறையில் நான் இருந்திருந்தால் யாரை நம்பியிருப்பேன்? இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளோடு பேசும் வேலையில் இருபத்துச் சொச்சம் வருடமாக இருக்கிறேன், அப்படியும் முதல் தடவை பார்த்தபோது தடுமாறினேன். வெளியுலகத்துக்கு இப்படிப்பட்ட வீடு அப்படித்தான் தெரியும். நொந்துபோனவர் பார்க்க நல்லவராகத் தெரிய மாட்டார்.

அடுத்தது வேன். எனக்கு அந்தப் படமே அந்த வேன்தான். அப்பா ஓட்டுகிறார், மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். சீட் பெல்ட் போடாததற்கு வண்டி டிங், டிங் என்று எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. பின்னணி இசை கிடையாது, அந்தச் சத்தம்தான் இசை. அம்மாவின் எண் என்ன, எங்கே குடியிருக்கிறீர்கள் என்று அப்பா கேட்கிறார். தொடக்கத்தில் குரலை உயர்த்தக்கூட இல்லை. பையன் முன்னால் பார்த்தபடி, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நொடி தாமதிக்கிறான். அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எந்தப் பதில் சொன்னால் அம்மாவுக்கு ஆபத்து, எந்தப் பதில் சொன்னால் எனக்கு ஆபத்து, எந்தப் பொய் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவன் கணக்குப் போடுகிறான். தவறான கட்டடத்துக்குக் கூட்டிப்போகிறான், ஓடுகிறான், பிறகு தானே திரும்பி வருகிறான். அப்பாவை ஏமாற்றத் தெரியாமல் திரும்பவில்லை. தான் ஓடிப்போனால் அந்தக் கோபம் வேறு யார் மேல் இறங்கும் என்று தெரிந்துதான் திரும்புகிறான்.

ஆக, மிகைப்படுத்தியிருக்கிறார்களா என்ற கேள்விக்கு என் பதில்: வேனுக்குள் நடப்பதில் ஒரு துளிகூட மிகை இல்லை. என் அறைக்கு வரும் பிள்ளைகள் பலரும் அந்த வேனிலிருந்து இறங்கி வந்தவர்கள் மாதிரிதான் இருக்கிறார்கள். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. முதலில் நம் முகத்தைப் பார்ப்பார்கள், நமக்கு என்ன பதில் வேண்டும் என்று தேடுவார்கள், பிறகு அதைத் தருவார்கள். பள்ளியில் இதைப் ‘புத்திசாலிப் பையன், குறிப்பறிந்து நடக்கிறான்’ என்பார்கள்.

2002-இல் சேத் போலக், பவன் சின்ஹா என்ற இருவர் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. முகம் தெரியாத அளவுக்கு மங்கலாக இருக்கும் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாக்கிக்கொண்டே போய், இது என்ன உணர்ச்சி என்று பிள்ளைகளிடம் கேட்டார்கள். வீட்டில் அடி வாங்கிய பிள்ளைகள், கோப முகத்தை மட்டும் மற்றப் பிள்ளைகளுக்கு முன்பே, படம் இன்னும் மங்கலாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் பிள்ளைகள் அடி வாங்காதவர்கள்தான். ஆனால் கோபம் வருவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவர்களுக்கும் இருந்தது.

இங்கேதான் நீங்கள் சாத்திய கதவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. “கதவைச் சாத்திக்கொண்டுதான், பிள்ளைகள் தூங்கிய பிறகுதான்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எழுத உங்களுக்கு எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்று தெரிகிறது. பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டோம் என்ற ஒரு நிம்மதியை அதில் வைத்திருக்கிறீர்கள். அதைக் கலைப்பதற்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் அவர்கள் தூங்கவில்லை.

முன்பொரு பெண் என்னிடம் வந்தாள், பதினாறு வயது (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன்). தூக்கம் வரவில்லை என்பதுதான் அவள் சொன்ன ஒரே குறை. பேச்சுவாக்கில், அப்பா வாசல் பூட்டில் சாவியை நுழைக்கும் சத்தத்தை வைத்தே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவேன் என்றாள். நான் விளையாட்டாக, “எப்படி?” என்றேன். மேசையிலிருந்த என் சாவிக்கொத்தை எடுத்தாள். முதலில் நிதானமாக ஒரு தடவை ஆட்டினாள், “இது நல்ல நாள்.” பிறகு இரண்டு தடவை தட்டித் தடவி, “இது குடிச்சிருக்கார், ஆனா படுத்துடுவார்.” மூன்றாவதாக எந்தச் சத்தமும் இல்லாமல் சாவியைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். “இது?” என்றேன். “கதவுக்கு வெளியவே நின்னு உள்ள கேட்டுட்டிருக்கார்.” அவள் வீட்டிலும் பிள்ளைகள் மேல் ஒருநாளும் கை விழுந்ததில்லை.

படத்தின் கடைசி இரவை நினைத்துப் பாருங்கள். இருட்டு. அழைப்பு மணி விடாமல் அடிக்கிறது, பிறகு நிற்கிறது. அம்மாவும் மகனும் அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மணி அடித்தபோது இருந்த பயத்தைவிட அது நின்ற பிறகு வரும் பயம் பெரிது. உங்கள் மகன் விளக்கை அணைக்க விடாததற்கு, அதன்பின் வரும் துப்பாக்கிச் சத்தத்தைவிட அந்த அமைதிதான் காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் துப்பாக்கி அவன் சினிமாவில் ஏற்கெனவே நூறு முறை பார்த்தது. அந்த அமைதி அவன் வீட்டில் கேட்டது.

இது என் அனுபவம் மட்டுமல்ல. 1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்கள் அமெரிக்காவில் 9,500-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்டு வெளியிட்ட ஆய்வில், சிறுவயதுப் பாதகங்களாக ஏழு வகைகளை எடுத்துக்கொண்டார்கள். குழந்தையை அடிப்பது ஒன்று. அம்மாவை அடிப்பது தனியாக இன்னொன்று. அப்படிப்பட்ட அனுபவங்கள் கூடக்கூட, பெரியவர்களான பிறகு மனச்சோர்வும் குடியும் இதய நோயும்கூட அதிகமாக இருந்தன. பிரிட்டன் 2021-இல் கொண்டுவந்த குடும்ப வன்முறைச் சட்டம், வன்முறையைப் பார்த்தாலோ கேட்டாலோ அதன் விளைவை அனுபவித்தாலோ அந்தப் பிள்ளையும் பாதிக்கப்பட்டவர்தான் என்று சொல்கிறது. கேட்டாலே போதும் என்று சட்டம் எழுதுகிறவர்களுக்கும் புரிந்திருக்கிறது.

இதனால் உங்கள் பிள்ளைகள் வாழ்க்கை கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஃபெலிட்டி ஆய்வு பலரைச் சேர்த்துப் போட்ட கணக்கு, ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு எழுதிய ஜாதகம் அல்ல. நிலையாக, நம்பிப் பேசக்கூடிய ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் பெரும்பாலும் மீண்டு வருகிறார்கள். அந்த ஆள் நீங்கள்தான். அதனால் அவன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

“அப்பாகிட்ட பொய் சொன்னா தப்பா?” என்ற கேள்விக்குள் ஒரு வாக்குமூலம் இருக்கிறது. அவன் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறான். அம்மா வேலை எங்கே, யார் வீட்டுக்கு வருகிறார்கள், அம்மா போனில் யாரிடம் பேசுகிறாள் என்று ஏதோ ஒன்று அங்கே கேட்கப்படுகிறது, அவன் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கிறான். திரையில் தன்னைப் போலவே ஒருவன் செய்வதைப் பார்த்து, நான் செய்தது சரியா என்று உங்களிடம் வந்து கேட்டான். ‘எப்பவுமே தப்புதான்’ என்று நீங்கள் சொன்னது அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? உங்களுக்காக அவன் செய்துவந்த வேலையை நீங்களே தப்பு என்று சொன்னதாக.

திரும்பப் போய்ப் பேசுங்கள். எதிரே உட்காரவைத்துப் பேசாதீர்கள். நடக்கும்போது, வண்டியில் போகும்போது, துணி மடிக்கும்போது பேசுங்கள், முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடமாக இருக்கட்டும். என் வாயால் சொல்வதென்றால் இப்படிச் சொல்வேன்: “அன்னிக்கு நீ கேட்டப்ப நான் அவசரப்பட்டு ஏதோ சொல்லிட்டேன். பயத்துல தன்னைக் காப்பாத்திக்கச் சொல்ற பொய் வேற. நீ தப்பு எதுவும் செய்யல. ஆனா என்னைக் காப்பாத்துறது உன் வேலை இல்ல. அங்க ஏதாவது கேட்டா, ‘எனக்குத் தெரியாது, அம்மாகிட்டயே கேளுங்க’ன்னு சொல்லிடு. அது பொய்யும் இல்ல, காட்டிக்கொடுக்கறதும் இல்ல.” இதை ஒரு முறை சொன்னால் போதாது. வேறு வேறு நாளில், வேறு வேறு சொற்களில் மூன்று நான்கு முறையாவது சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிவிட்டு, “அப்போ நீ என்ன சொன்னே?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. அப்பா வீட்டிலிருந்து வந்ததும் “வழக்கமாக எல்லாம் கேட்பேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பயத்தில் கேட்கிறீர்கள், அவர் கட்டுப்படுத்தக் கேட்கிறார், இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பதில் சொல்ல வேண்டியவனுக்குச் சனிக்கிழமை ஒரு விசாரணை, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு விசாரணை. ஞாயிறு சாயங்காலம் அவன் வீட்டுக்குள் வந்தால் முதல் ஒரு மணி நேரம் எந்தக் கேள்வியும் வேண்டாம். வந்தான், செருப்பைக் கழற்றினான், அவ்வளவுதான். அவனாகச் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் பாதுகாப்பு பற்றிய ஒரே ஒரு கேள்வி மட்டும் நிலையாக இருக்கட்டும்: “அங்க எப்பவாவது பயமா இருந்ததா?” அதற்கு மேல் அப்பா என்ன சொன்னார், யார் வந்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தேவைப்பட்டால் வேறு வழியில் தெரிந்துகொள்ளுங்கள். அவன் வழியாக வேண்டாம்.

அனுப்பலாமா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு சொல்லில் பதில் இல்லை. இருப்பதாகச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். உடனடி ஆபத்து இல்லாதபோது நீங்களாக நிறுத்திவிட்டால், நீதிமன்ற உத்தரவை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும். படத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்கிற ‘அம்மா சொல்லிக்கொடுக்கிறாள்’ என்ற பேச்சுக்கு நீங்களே சாட்சி கொடுத்த மாதிரி இருக்கும். வழக்கறிஞரைப் பாருங்கள். ஏற்பாட்டை மாற்றக் கேட்கலாம், மூன்றாவது ஆள் முன்னிலையில் மட்டும் சந்திக்க வேண்டும் என்று கேட்கலாம். 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லவும் அது அவன் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப மதிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது. பதின்மூன்று வயது என்பது கேட்கப்பட வேண்டிய வயது. ஆனால் அவன் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் ஒத்திகை பார்க்காதீர்கள், ஒரு வாக்கியம்கூட. அதுவரை, பையனை ஒப்படைப்பதும் வாங்குவதும் நாலு பேர் இருக்கும் இடத்தில் நடக்கட்டும், முடிந்தால் நீங்கள் இல்லாமல் இன்னொரு உறவினர் மூலம். தேதி போட்டு ஒரு நோட்டில் நடந்ததை எழுதிவையுங்கள்: நடந்தது மட்டும், உங்கள் கோபம் அதில் வேண்டாம். அந்த நோட்டு பிள்ளைகள் கைக்குப் போகாத இடத்தில் இருக்கட்டும்.

படத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு, அது உங்கள் கேள்வியோடு சம்பந்தப்பட்டது. கடைசியில் அப்பா துப்பாக்கியோடு வந்து கதவைச் சுடுகிறார். அம்மாவும் மகனும் குளியல் தொட்டிக்குள் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். பக்கத்து வீட்டு மூதாட்டி போலீசுக்குப் போன் செய்ததால் பிழைக்கிறார்கள். நடக்காத விஷயம் அல்ல. மனைவி பிரிந்து போன பிறகுதான் ஆபத்து அதிகமாகிறது என்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது, அதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படங்கள் குறைவு. ஆனால் துப்பாக்கி வந்ததும் பார்க்கிறவர்கள் கையில் ஒரு அளவுகோல் வந்துவிடுகிறது. “நம்ம வீட்ல இப்படியா நடந்தது?” என்று உங்கள் மகள் சிரித்தாள் அல்லவா, அதுதான் அந்த அளவுகோல். நம் வீட்டில் துப்பாக்கி இல்லை, அதனால் நம் வீட்டில் நடந்தது ஒன்றுமில்லை. இயக்குநர் அப்படி நினைத்திருக்க மாட்டார். முதல் ஒரு மணி நேரம் முழுக்கத் துப்பாக்கி இல்லாத வன்முறையைத்தான் காட்டுகிறார். ஆனால் ஜனங்கள் ஞாபகத்தில் தங்குவது கடைசி இருபது நிமிடம்.

நீங்களும் அளந்து பார்ப்பதென்றால் வேறு விஷயங்களை வைத்து அளங்கள். அவர் எப்போதாவது உங்கள் கழுத்தை நெரித்தாரா? பிரிந்த பிறகு பின்தொடர்கிறாரா, வேலை இடத்துக்கு வருகிறாரா? ‘செத்துப்போவேன்’, ‘உன்னையும் கொன்னுட்டு நானும்’ என்று சொன்னதுண்டா? ஆயுதம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? அமெரிக்கத் தாதியும் ஆராய்ச்சியாளருமான ஜாக்லின் கேம்ப்பெல் 1985-இல் உருவாக்கிய அபாய மதிப்பீட்டில் இப்படிப்பட்ட கேள்விகள்தான் இருக்கின்றன. ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் என் அடுத்த பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர் போலீசையோ பெண்கள் உதவி எண்ணையோ இன்றே கூப்பிடுங்கள். அந்த மூதாட்டியைப் போல ஒருவரிடம், பக்கத்து வீட்டிலோ எதிர்வீட்டிலோ, சத்தம் கேட்டால் போன் செய்யுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வெட்கப்பட வேண்டாம். அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்று நினைத்த காலமெல்லாம் அவருக்குத்தான் வசதியாக இருந்தது.

இப்போது மகளுக்கு வருகிறேன்.

படத்தில் ஜூலியனுக்கு ஓர் அக்கா உண்டு, ஜோசஃபின். பதினெட்டு வயதைத் தொடப்போகிறாள், அதனால் வழக்கில் அவள் பெயர் இல்லை. பள்ளிக் கழிவறையில், கதவுக்கடியில் கால்கள் மட்டும் தெரிய, அவள் கர்ப்பப் பரிசோதனை செய்து பார்ப்பதாக ஒரு காட்சி வரும். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு அவளுடைய பிறந்தநாள் விருந்து. மேடையேறிப் பாடுகிறாள். பாடும்போதே கண் கூட்டத்துக்குள் தேடுகிறது, அம்மா எங்கே, தம்பி எங்கே, வெளியே என்ன நடக்கிறது என்று. தொண்டை அடைக்கிறது, பாட்டை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள்? படம் சொல்லாது. கர்ப்பம் என்ன ஆயிற்று என்றும் சொல்லாது. திரைக்கதையில் ஓட்டை என்று சில விமர்சகர்கள் நினைக்கலாம். எனக்கு அது ஓட்டையாகப் படவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் எல்லோருடைய கண்ணும் ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். தொந்தரவு தராத பிள்ளையைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. படமும் அவளைப் பார்க்க மறந்துவிடுகிறது.

உங்கள் கடிதமும் அதையே செய்திருக்கிறது. ஐந்து கேள்வி கேட்டிருந்தால் ஐந்தும் பையனைப் பற்றித்தான் இருந்திருக்கும். மகளுக்கு ஒரே வரி: கவலை இல்லை.

படம் முடிந்ததும் உங்கள் மகன் தன் பயத்தைப் படுக்கைக்கு எடுத்துக்கொண்டு போனான், விளக்கைக் கேட்டான். அவனுக்குக் கேட்கத் தெரிகிறது. மகள் சிரித்தாள். அறையில் இருந்த இறுக்கத்தை யார் தளர்த்துவது என்று அவளுக்குத் தெரியும், எப்போதும் அவள்தானே தளர்த்தியிருக்கிறாள். பிறகு போய் வேலை செய்தாள். ராத்திரியில், யாரும் சொல்லாமல், கிடந்த பாத்திரம் முழுவதும். அப்பா கோபப்பட ஒரு காரணமும் வீட்டில் மிச்சமிருக்கக்கூடாது என்று நினைத்து வளர்ந்த பிள்ளை, அப்பா இல்லாத வீட்டிலும் அப்படித்தான் கழுவும். நான் தவறாகவும் இருக்கலாம். பாத்திரம் கழுவுகிற எல்லாப் பெண்களையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஆனால் சில விஷயங்களைக் கவனித்துப் பாருங்கள். கடைசியாக எப்போது உங்களிடம் கோபித்துக்கொண்டாள்? தனக்கென்று எதையாவது எப்போது கேட்டாள்? சின்னத் தப்புக்கும் அளவுக்கு மீறி மன்னிப்புக் கேட்கிறாளா? தம்பியின் பள்ளி விஷயம், உங்கள் மாத்திரை நேரம், வாசல் பூட்டு எல்லாம் அவள் தலையில் இருக்கிறதா? தோழிகளோடு போவதை உங்களுக்காக ரத்து செய்கிறாளா? பதினேழு வயதுப் பெண் அம்மாவிடம் ஒரு தடவைகூடக் கதவை அறைந்து சாத்தவில்லை என்றால் அதை நான் பாராட்ட மாட்டேன்.

இந்த வயதில் பாதிப்பு இரண்டு திசையில் போகும். சிலர் வெளியே உடைவார்கள்: சண்டை, பள்ளிக்கு மட்டம், போதை, வீட்டைவிட்டு ஓடுவது. அவர்களை எல்லோரும் கவனிப்பார்கள், பெரும்பாலும் திட்டுவதற்காக. மற்றவர்கள் உள்ளே உடைவார்கள்: தூக்கமின்மை, காரணமில்லாத வயிற்றுவலி, தலைவலி, சாப்பாட்டில் விலகல், மறைவாகக் கையைக் கீறிக்கொள்வது, தன்னைவிட வயதில் மூத்த, கட்டுப்படுத்துகிற காதலனைப் ‘பாதுகாப்பு’ என்று நம்புவது. இதில் எதையாவது கண்டால், அல்லது ‘நான் இல்லாம இருந்தா நல்லாயிருக்கும்’ என்பது போன்ற பேச்சு ஒரு தடவை காதில் விழுந்தாலும், தள்ளிப்போடாமல் வளரிளம் பருவத்தினரைப் பார்க்கும் மனநல நிபுணரிடம் கூட்டிப்போங்கள். மகனுக்கும் தூக்கமும் பயமும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதேதான். இன்னொன்று. எப்போதாவது அவனுக்குக் கோபம் வரும், எதையாவது தூக்கி எறிவான். அப்போது உங்கள் வாயில் “அப்படியே உங்கப்பன்” என்ற சொல் வந்து நிற்கும். அதை மட்டும் விழுங்கிவிடுங்கள். ராத்திரியில் அவன் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அதுதான், உங்கள் வாயால் அதற்குப் பதில் வேண்டாம்.

மகளிடம் என்ன பேசுவது? ‘நீ பாதிக்கப்பட்டிருக்கிறாய்’ என்று ஆரம்பித்தால் உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிடுவாள், அதில் அவள் கைதேர்ந்தவள். கேள்வி வேண்டாம், ஒப்புக்கொள்ளுங்கள். “கதவைச் சாத்தினா உங்களுக்குக் கேக்காதுன்னு நினைச்சுட்டிருந்தேன். கேட்டிருக்கும்னு இப்பத்தான் தோணுது.” இவ்வளவு போதும். அதற்கு அவள் ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம், “பழைய கதை எதுக்குமா” எனலாம், எரிந்து விழலாம். எரிந்து விழுந்தால் தடுக்காதீர்கள், நியாயப்படுத்தாதீர்கள். ‘ஏன் இவ்வளவு நாள் இருந்தே?’ என்று கேட்டால் உங்களுக்கு வலிக்கும். கேட்கட்டும். அழுகை வந்தால் அழுங்கள், ஆனால் உங்களைத் தேற்றுகிற வேலையை அவளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதற்கு உங்களுக்கென்று ஒரு தோழியோ ஆலோசகரோ வேண்டும், சீக்கிரம் பாருங்கள்.

இன்று ராத்திரி அவள் பாத்திரம் கழுவப் போனால் “நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்” என்று அனுப்பிவிடாதீர்கள், போக மாட்டாள். நீங்களும் போய்ப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். அவள் கழுவித் தருவதைத் துடைத்து அடுக்குங்கள். ஒன்றிரண்டு நாள் பேச்சே வராது. மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ, தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, உங்கள் முகத்தைப் பார்க்காமல் அவள் எதையாவது தொடங்குவாள். அப்போது குழாயை நிறுத்திவிடாதீர்கள். அது ஓடட்டும்.